அவன் வேண்டுமென்றே செய்கிறானா?

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலை 9 மணிக்குச் சமய வகுப்பு நடக்கும். நான்கு ஆண்டுகளாக நான் அங்கே பாடம் எடுக்கிறேன். ஆசிரியர் பயிற்சி எதுவும் எனக்குக் கிடையாது. தேவாரம் கொஞ்சம் தெரியும், பிள்ளைகளைப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை. இந்த மூன்றும் இருந்தால் போதும், இளைஞர் இயக்கத்தில் உங்களை ஆசிரியர் ஆக்கிவிடுவார்கள்.

போன ஆண்டு சரசுவதி பூசைக்குப் பிள்ளைகளைப் பாடவைக்கப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வகுப்பில் ஒரு பையன், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. எல்லோரும் கண்ணை மூடினால் இவன் பாயிலிருந்து நூலை உருவிக்கொண்டிருப்பான். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான், பாதி நேரம் அது வேறு ஏதோ கேள்விக்கான பதிலாக இருக்கும். சன்னதியில் மணி அடித்தால் எழுந்து ஓடிவிடுவான். எட்டு வாரத்தில் ஆறு வாரம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்த இரண்டு வாரத்தில் ஒரு வாரம் பென்சில் இல்லை.

அன்றைக்கு நாலாவது முறையாகப் பாட்டு நடுவில் எழுந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டேன்: "சாமி மேல உனக்கு உண்மையான பக்தி இருந்தா அஞ்சு நிமிஷம் உக்கார முடியாதா?"

அவன் சொன்னான்: "உக்காரணும்னுதான் அண்ணே நெனைக்கிறேன். மறந்துடுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். வாய்க்கொழுப்பு என்று நினைத்து அவனைத் தூணோரம் நிற்கவைத்தேன். உட்காருவதை யாராவது மறப்பார்களா?

அதன்பிறகு அவன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து இரவுச் சந்தையில் கரும்புச்சாறு வாங்க நின்றபோது அவனுடைய அம்மாவைப் பார்த்தேன். ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு முதலில் டியூஷன், மழை என்று ஏதேதோ சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் வரமாட்டேங்கிறான் தம்பி. சாமிக்கு என்னைப் புடிக்காதும்மா, அண்ணன் சொன்னாருன்னு சொல்றான்" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாதாடியிருக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் சொல்லவில்லைதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதில் வேறு என்ன அர்த்தம் கேட்டிருக்கும்?

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை எழுத இதழின் பக்கங்களை வீணாக்க வேண்டாம். என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. அவன் உட்காராததை மட்டும்தான் நான் கண்ணால் பார்த்தேன். உட்கார அவனுக்கு மனமில்லை என்பதை எப்படித் தெரிந்துகொண்டேன்? யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவன் நேர்மாறாகச் சொன்னான். செயலைப் பார்த்துவிட்டு மனத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன். 'வேணும்னே பண்றான்' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தத் தாவல் நடக்கிறது.

என் அத்தை மகள் தாதியாக வேலை பார்க்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் உடனே பெயர் எதுவும் சொல்லவில்லை. "வீட்லயும் இப்படியா? ஸ்கூல்ல எப்படி? எத்தனை வயசுலேர்ந்து?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் பக்தி இல்லை என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அதன்பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாட்டைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

மருத்துவர்கள் இதற்கு இரண்டு அறிகுறிப் பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது. முதலாவது கவனம் சார்ந்தது: சின்னச் சின்னத் தவறுகள், நேராகப் பேசும்போதும் காதில் விழாததுபோல் இருப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது, பொருள்களைத் தொலைப்பது, அன்றாட வேலைகளை மறப்பது. இரண்டாவது துடிப்பும் அவசரமும் சார்ந்தது: கைகால் சும்மா இராமல் நெளிவது, உட்கார வேண்டிய இடத்தில் எழுந்துவிடுவது, ஓயாமல் பேசுவது, கேள்வி முடியுமுன் பதில் சொல்வது, தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாதது. குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் ஆறாவது இருக்க வேண்டும். 17 வயது முதல் என்றால் ஐந்து.

இதைப் படித்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது, 'எனக்கும் இதெல்லாம் இருக்கே!' இருக்கும். சாவியைத் தொலைக்காத மனிதன் உண்டா? அதனால்தான் பட்டியலோடு நிறுத்தாமல் இன்னும் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். அந்த வயதுக்குரிய அளவை மீறியிருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டுமல்லாமல் வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ வாழ்க்கையையோ உண்மையில் பாதிக்க வேண்டும். வேறு காரணத்தால் வந்ததாகவும் இருக்கக் கூடாது. தூக்கமின்மை, காது சரியாகக் கேட்காதது, வீட்டில் சண்டை, மனக்கவலை ஆகியவைகூட ஒரு பிள்ளையை இப்படி ஆக்கிவிடலாம்.

இந்த நிபந்தனைகள் எனக்கு மருத்துவத்தைவிட ஒழுக்கப் பாடமாகவே பட்டன. பல ஆண்டு படித்த மருத்துவர்கூட ஓர் இடத்தில், ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு செய்வதில்லை. வீட்டைக் கேட்கிறார், பள்ளியைக் கேட்கிறார், பழைய கதையைக் கேட்கிறார். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பார்க்கிற நான் யாரையும் எதையும் கேட்கவில்லை.

மருத்துவ உலகமும் இதே வழியில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் இலண்டனில் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகளைப் பற்றியவை அவை. அதற்கு அவர் வைத்த பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை. அவர் விவரித்த பிள்ளைகள் எல்லோரும் இன்று நாம் சொல்லும் பிரிவில் அடங்கமாட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயரைக் கவனியுங்கள், அது ஒழுக்கத்தின் மொழி. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 'கவனக்குறைபாடு' என்ற பெயர் வந்தது. 1987இல் இன்றைய பெயர். ஒழுக்கத்திலிருந்து கவனத்துக்கு வர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. நம்முடைய சொற்கள் இன்னும் 1902இல்தான் நிற்கின்றன: சோம்பேறி, அடங்காப்பிடாரி, திமிரு புடிச்சது, வாலு.

சரி, எதிர்வாதத்தைப் பார்ப்போம். அது எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஓர் ஐயா என்னிடம் சொன்னார்: "அந்தப் பய போன்ல மூணு மணி நேரம் கேம் விளையாடுறான்பா. அப்ப மட்டும் கவனம் எங்கேர்ந்து வருது? மனசு வச்சா முடியும்னுதானே அர்த்தம்?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கவனம் என்பது பாத்திரத்தில் உள்ள தண்ணீர் மாதிரி இருக்கிறது, இல்லை என்று அளக்கிற பொருள் அல்ல. இந்தக் குறைபாட்டில் சிக்கல் கவனத்தின் அளவில் இல்லை, அதைத் திருப்பும் கைப்பிடியில் இருக்கிறது. விளையாட்டு நொடிக்கு நொடி பரிசு தருகிறது, ஒளி தருகிறது, ஒலி தருகிறது. அங்கே கவனத்தை இவன் செலுத்த வேண்டியதில்லை, அதுவே பிடித்து இழுத்துக்கொள்கிறது. பலன் தள்ளிக் கிடைக்கும் வேலையில் தானாகக் கவனத்தைக் கொண்டுபோய் வைத்து, அது நழுவும்போது திரும்ப எடுத்துவர வேண்டும். அங்கேதான் கைப்பிடி வழுக்குகிறது. 'மறந்துடுது' என்று அவன் சொன்னது துல்லியமான விளக்கம். உட்கார வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. மணி அடித்தபோது அந்த எண்ணம் கையில் இல்லை.

அவன் அம்மா இன்னொன்றும் சொன்னார்: "அவங்க அப்பாவும் சின்னப் பிள்ளையில இப்படித்தானாம். இப்ப நல்லாத்தானே லாரி ஓட்டுறாரு." கவலைப்பட ஒன்றுமில்லை என்பதற்குச் சான்றாக இதைச் சொன்னார். ஆனால் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தக் குறைபாட்டில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது, ஏறக்குறைய 70 முதல் 80 விழுக்காடு என்று காட்டுகின்றன. அப்பாவும் அப்படித்தான் என்பது மருத்துவர் குறித்துக்கொள்ளும் செய்தி. அந்த அப்பா சின்ன வயதில் எத்தனை அடி வாங்கியிருப்பார் என்றும் நினைத்துப் பார்த்தேன். தோட்டத்துப் பள்ளிக் காலம், பிரம்புக்குப் பஞ்சமே இல்லை.

இங்கே என்னைப் பற்றி இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். அதே வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஒரு சத்தம் கிடையாது. முழு வகுப்பும் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பெயரைச் சொல்லி அழைத்தால் இரண்டாம் முறைதான் திரும்புவாள். இரண்டு ஆண்டாக ஒரு பதிகம்கூட முழுசாக வரவில்லை. அவளை நான் ஒருநாளும் திட்டியதில்லை, 'நல்ல பிள்ளை' என்றுதான் அவளுடைய பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் குறைபாட்டில் துடிப்பே இல்லாத, கவனம் மட்டும் நழுவுகிற வகை ஒன்று உண்டு. பெண்பிள்ளைகளிடம் அது பல நேரம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. பிறகு இடைநிலைப்பள்ளியிலோ கல்லூரியிலோ பாடச்சுமை கூடும்போது திடீரென்று சரிகிறார்கள், 'நல்லாத்தானே படிச்சா, என்ன ஆச்சு' என்கிறோம். அந்தச் சிறுமிக்கு அப்படி ஏதும் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, எனக்குத் தெரியாது. பையனை ஏன் கவனித்தேன், அவளை ஏன் கவனிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. பையன் என்னைத் தொந்தரவு செய்தான், அவள் செய்யவில்லை. அப்படியானால் நான் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. என்னுடைய நிம்மதியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இனி நம் சமயத்தின் பக்கம் வருவோம். அந்த ஐயாவே பிறகு, "எல்லாம் அவனவன் கர்மாப்பா" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இந்தச் சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போகிறோம், அடுத்தவன் பிள்ளைக்குச் சிக்கல் என்றால் கர்மா என்கிறோம். வினைக்கொள்கையை நான் நம்புகிறேன். அது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று சொல்லித்தருகிறது என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் முற்பிறப்புக் கணக்கைப் படிக்கும் கண்ணாடி எனக்குக் கொடுக்கப்படவில்லை. அவனைத் தூணோரம் நிற்கவைத்தது என் கணக்கில் ஏறிய வினை. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் ஓர் இடம் உண்டு. மனம் அலைகிறது, காற்றைப் பிடிப்பதுபோல் அதைப் பிடிக்க முடியவில்லை என்று அர்ச்சுனன் முறையிடுகிறான். அர்ச்சுனனுக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்போவதில்லை. புனித நூலை மருத்துவப் புத்தகம் ஆக்கும் வேடிக்கை வாட்ஸ்அப்பில் போதுமான அளவு நடக்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது கண்ணனின் பதிலில் உள்ள வரிசை. முதலில் ஐயமில்லை, அது கடினம்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் பயிற்சியாலும் பற்றின்மையாலும் முடியும் என்கிறான். 'உனக்கு என்மேல் பக்தி இல்லை, அதனால்தான்' என்று சொல்லவில்லை. நான் முதல் பாதியை விட்டுவிட்டு நேராக இரண்டாம் பாதிக்குப் போனேன், அதையும் பயிற்சியாகத் தராமல் தண்டனையாகத் தந்தேன்.

அப்படியானால் யாரையும் எதற்கும் குறைசொல்லக் கூடாதா? இந்த இதழைப் படிக்கும் சிலர் இந்தக் கேள்வியோடு காத்திருப்பீர்கள். எங்கள் இயக்கத்திலேயே ஒரு நண்பர் இருக்கிறார். கூட்டத்துக்கு எப்போதும் ஒரு மணி நேரம் தாமதம், ஒப்புக்கொண்ட வேலை பாதியில் நிற்கும். 26 வயதில் அவருக்கு மருத்துவர் இந்தக் குறைபாட்டை உறுதிசெய்தார். அவருக்குப் பெரிய விடுதலை, அழுதுவிட்டதாகச் சொன்னார். ஆனால் அடுத்த மூன்று மாதம் எல்லாவற்றுக்கும் "எனக்கு ஏ.டி.எச்.டி. ப்ரோ" என்பதே பதிலாக இருந்தது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கூடாரம் பதிவு செய்ய மறந்தார். வெயிலில் நின்றது நாங்கள்.

அவரிடம் கோபப்பட எனக்கு உரிமை உண்டா? நிறைய யோசித்தேன். கிட்டப்பார்வை உள்ளவனைத் தூரத்துப் பலகை தெரியவில்லை என்று யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் தனக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தும் கண்ணாடி போடாமல் மோட்டார் ஓட்டினால் குறைசொல்வோம். மறதி அவர் குற்றமல்ல. மறக்கும் என்று தெரிந்தபின் போனில் அலாரம் வைக்காததும், இன்னொருவரைத் துணைக்குச் சேர்க்காததும், மறந்தபின் மன்னிப்புக் கேட்காததும் அவர் பொறுப்பில் வரும். காரணம் தெரிந்ததால் பொறுப்பு காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதில் ஒரு பங்கு எங்கள் பக்கமும் வந்திருக்கிறது. அவருக்கு இப்படி என்று தெரிந்தும் தேதி உள்ள வேலையைத் தனியாக அவரிடம் கொடுத்தது யார்? இப்போது அவர் அன்னதானத்தில் கூட்டத்தைச் சமாளிக்கிறார். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பத்து விஷயம் கேட்கும் இடம் அது. அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொறுப்பைத் தூக்கிக் கொடுக்க முடியாது. தன் கண் சரியில்லை என்றே அவனுக்குத் தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படி மங்கலாகத்தான் தெரிகிறது, தான் மட்டும் கெட்டவன் என்று நினைத்துக்கொள்வான். அந்த வயதில் முழுக் கடமையும் பெரியவர்களுடையது. அதில் முதல் கடமை கண்டுகொள்வது.

கண்டுகொண்டபின் என்ன செய்வது? பெயர் சூட்டுவது நம் வேலையல்ல. பார்த்ததை நாள், இடம் சொல்லி எழுதிவைத்துப் பெற்றோரிடம் தனியாக, குற்றம்சாட்டாமல் சொல்லலாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும்தான். வளர்ந்தவர்களுக்குத் தேவையென்றால் மெதில்பெனிடேட் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். மாத்திரை என்றாலே "பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சி இல்லையா" என்று பயப்படும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், நம் சமூகம்தான் அதை உண்டாக்கியிருக்கிறது. ஆனால் முத்திரை ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. சோம்பேறி, திமிரு பிடித்தவன் என்ற முத்திரை, கடைசியாக என் கையால் பக்தியற்றவன் என்ற முத்திரை. மருத்துவர் தருவது அவற்றைவிட நல்ல பெயர்.

இரவுச் சந்தையில் பார்த்த மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவிடம் நான் பார்த்ததைச் சொன்னேன், பள்ளியிலும் இதே புகார்தான் என்று அவர் சொன்னார். கிளினிக்கில் காட்டி, நிபுணரைப் பார்க்க இப்போது தேதி வாங்கியிருக்கிறார்கள். இன்னும் பல வாரம் இருக்கிறது. முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது, அது இல்லாமலும் போகலாம்.

அவனை முன்வாசலில் உட்காரவைத்து, "அன்னைக்கு அண்ணன் சொன்னது தப்பு. சாமிக்கு உன்னைப் பிடிக்காதுன்னு யாரும் சொல்ல முடியாது. எனக்கும் உன்னைப் பிடிக்கும்" என்றேன். மூன்று நாள் யோசித்துவைத்த வார்த்தைகள். அவன் சுவரில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அது வால் விட்டுட்டுப் போனா வலிக்குமா?"

வலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு வந்துவிட்டான், நோட்டுப் புத்தகம் இல்லாமல். என் பையில் அவனுக்காக ஒன்று வைத்திருந்தேன். பாட்டு நடுவில் தீபாராதனைத் தட்டைக் கொண்டுவந்து வைக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் எழுந்திருப்பது இப்போது அவன் கடமை. கொடுக்காத நேரத்திலும் எழுந்திருக்கிறான். போன வாரம் மூன்று முறை.